கடிக்கும் பேருந்து

வாயாடி என்பது அவளுடைய பெயர் அல்ல. ஆனால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பாள்.

அவளுடைய தம்பியை எல்லோரும் சிட்டு என்பார்கள். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அதற்காக அவன் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் கையை வைத்தான் என்றால் வீடு முழுக்கச் சுற்றி வருவான். அம்மா ஒளித்து வைத்த பிஸ்கட் டப்பாவை வாயாடிக்கு முன்னால் கண்டுபிடிப்பவனும் அவன்தான்.

அப்பா தச்சர். கதவு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் புதுக் கட்டடங்களுக்குக் கதவு மாட்டுவார். ஒரு கட்டடம் முடிந்து வீட்டுக்கு வருவார். சிட்டு அவருடைய காலடிச் சத்தத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த கட்டடத்திலிருந்து ஆள் வந்துவிடும்.

அதனால்தான் இந்த முறை அப்பா ஒரு பழைய பேருந்தை வாங்கி வந்தார். இருக்கைகளை எல்லாம் கழற்றி எறிந்தார். உள்ளே கட்டில்கள், அலமாரிகள், சின்னதாக ஓர் அடுப்பு மேடை எல்லாம் செய்தார். பள்ளிக்கு லீவு விட்டதும் நான்கு பேரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டியது. அப்பா கதவு மாட்டுவார். சாயங்காலமானால் எல்லோரும் பேருந்திலேயே ஒன்றாகச் சாப்பிடலாம். நினைக்கும்போதே வாயாடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வேலை முடிகிற சமயத்தில் அப்பா சிட்டுவை முதல் முறையாக உள்ளே கூட்டி வந்தார்.

"நீயே பார்த்துக்கோடா ராஜா," என்றார் பெருமையாக.

சிட்டு சுவரில் கையை வைத்து நடந்தான். "இது அலமாரி... இது அடுப்பு மேடை... வழவழன்னு இருக்குப்பா! இது ஜன்னல்... ஆ!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். விரலில் ரத்தம்.

பேருந்தின் ஜன்னல்களுக்கு மூலைகள் வட்டமாக இருந்தன. அவற்றைச் சுற்றி அப்பா அடித்த பலகைகள் நேராக இருந்தன. இரண்டும் சேராத இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளிருந்து பழைய தகரத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, பஸ்ஸு கடிச்சிடுச்சு!" என்று சிட்டு அழுதான்.

அம்மா மருந்து போட்டாள். அப்பா அரத்தை எடுத்துத் தகரம் முழுவதையும் தேய்த்து மழுக்கினார். ஆனால் சிட்டு நம்பவில்லை. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, அடம் பிடித்தான்.

"அந்தப் பொந்துக்குள்ள பல்லு இருக்கு. நான் வரமாட்டேன்."

"பல்லெல்லாம் இல்லடா. அப்பா தேய்ச்சுட்டேன்."

"இன்னும் பொந்து இருக்கே!"

அப்பா இரண்டு நாள் கெஞ்சியும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார். சிட்டு அசையவில்லை.

"பாவங்க, குழந்தையை விரட்டாதீங்க," என்றாள் அம்மா. "அவன் வரலைன்னா நானும் அவன்கூடவே இருந்துக்கறேன். வாயாடியும் இருக்கட்டும். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, எப்பவும்போல."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் 'எப்பவும்போல' என்றதும் அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"அப்பா, அந்தப் பொந்தை மூடிட்டா?" என்றாள் வாயாடி.

"பீடிங் அடிச்சா மூடிடலாம்," என்றார் அப்பா. பலகையின் ஓரத்தில் அழகுக்கு அடிக்கும் ஒல்லியான மரச் சட்டத்துக்குத்தான் பீடிங் என்று பெயர். கதவு வேலையில் அப்பா மைல் கணக்கில் அடித்திருப்பார்.

ஆனால் அதெல்லாம் நேரான பீடிங். வட்ட மூலையில் வைத்து மெதுவாக வளைத்ததும், 'டப்' என்று உடைந்தது. இன்னொன்றைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்தார். வளைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காய்ந்ததும் அது ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் தன் மூலைமட்டத்தை அப்பா எடுத்து ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். எங்கேயும் அது பொருந்தவில்லை.

"இந்த வண்டியில ஒரு மூலையாவது மூலை மாதிரி இருக்கா?"

"பஸ்ஸுக்கு மூலையே கிடையாதுப்பா," என்றாள் வாயாடி. "எல்லாம் கன்னம்தான்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் செய்ததற்குச் சிரிக்க முடியவில்லை. ஒரு ஜன்னலின் வளைவை அட்டையில் வரைந்து, அதேபோல மெல்லிய பலகையில் வளைவு வளைவாக அறுத்தார். எல்லா ஜன்னலுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளிவிட்டார்.

அளவெடுத்த ஜன்னலில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற எதிலும் உட்காரவில்லை!

கதவு வேலையில் ஓர் அளவு எடுத்தால் வரிசையாகப் பத்துக் கதவு செய்துவிடலாம். அப்பாவுக்குக் கை அப்படியே பழகிவிட்டது. ஆனால் அந்தப் பேருந்து எத்தனை வருடம் எத்தனை மேடு பள்ளத்தில் குலுங்கியிருக்குமோ, ஒரு ஜன்னல் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொன்று அந்தப் பக்கம். ஒன்றைப்போல ஒன்று இல்லை.

அப்பா பலகைத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"என்னால நேரா இருக்கறதைத்தாம்மா செய்ய முடியும்," என்றார்.

வாயாடி நேராக ஹார்டுவேர் கடைக்கு ஓடினாள்.

"மாமா, வளையற பீடிங் இருக்கா?"

"ஓ, இருக்கே!" கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து வளைத்தார். நடுவில் அது மடங்கி, வெள்ளைக் கோடு விழுந்தது.

"இது உடைஞ்ச மாதிரி இருக்கே மாமா."

"சரி, இதைப் பாரு. அலுமினியம்." அதையும் வளைத்தார். ஓரம் நெளிந்து, கத்திபோல நீட்டிக்கொண்டது.

"ஐயோ, இது முன்னைவிட நல்லாக் கடிக்கும்!"

"கடிக்குமா? பீடிங்கா?" கடைக்காரர் குழம்பிப்போனார்.

வாயாடி மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னாள். கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "என்கிட்ட இருக்கறது எல்லாமே ஒரு பக்கம்தான் வளையும் பாப்பா. உனக்கு எல்லாப் பக்கமும் வளையணும். கிடைச்சா எனக்கும் சொல்லு," என்றார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா, "இந்தக் குப்பையை எல்லாம் கட்டி ஓரமா வை," என்றார். உடைந்த பீடிங், பொருந்தாத வளைவுகள் எல்லாவற்றையும் வாயாடி ஒன்றாக அடுக்கினாள். கொட்டகையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்து இறுக்கிச் சுற்றினாள். கட்டு ஒரு பக்கம் வீங்கியும், ஒரு பக்கம் கூர்மையாகவும், கன்னாபின்னாவென்று இருந்தது. கயிறு எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. வீங்கிய இடத்தில் வீங்கி, ஒடுங்கிய இடத்தில் ஒடுங்கி, ஒட்டிக்கொண்டே போனது.

வாயாடி முடிச்சுப் போடாமல் அப்படியே நின்றாள்.

பிறகு கயிற்றை உருவிக்கொண்டு பேருந்துக்குள் ஏறினாள். மிகவும் கோணலாக இருந்த ஜன்னலின் இடைவெளியில் அதை வைத்து விரலால் அழுத்தினாள். கயிறு சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"அப்பா! ஓடி வாங்க! கயிறு! கயிறு எல்லாப் பக்கமும் வளையுது!"

அப்பா வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பொருந்துது. ஆனா கயிறா? கதவுக்காரன் செஞ்ச வீட்ல பீடிங்குக்குப் பதிலா கயிறா? பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சிட்டு பார்க்க மாட்டானேப்பா," என்றாள் வாயாடி. "தொட்டுத்தானே பார்ப்பான்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வாயாடி பயந்துபோனாள். ஆனால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின்மேல் கையை ஓட்டினார்.

"பொந்து இல்ல," என்றார். "ஆனா கை குத்துது."

வாயாடியும் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். கொட்டகைக் கயிறு ஒரே சொரசொரப்பு.

மறுபடியும் ஹார்டுவேர் கடை. இந்த முறை அப்பாவும் வந்தார். வாயாடி கண்ணை மூடிக்கொண்டு, கடையிலிருந்த ஒவ்வொரு கயிற்றையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்காரர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அவ ரொம்பச் சரியா இருக்கா," என்றார் அப்பா.

கடைசியில் கிடைத்தது, கட்டை விரல் பருமனில் வெள்ளைப் பருத்திக் கயிறு. கன்னத்துக்கு மெத்தென்று இருந்தது.

அன்றைக்கு மூவரும் சேர்ந்து ஒட்டினார்கள். அம்மா பசை தடவினாள். வாயாடி கயிற்றை அழுத்திப் பிடித்தாள். அப்பா தலையில்லாத குட்டி ஆணிகளை இழைகளுக்கு நடுவே அடித்து மறைத்தார். கயிறு கதவருகில் தொடங்கி, ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கி, பின்பக்கம் சுற்றி, மறுபடி கதவருகில் வந்து முடிந்தது. அம்மாவின் முந்தானை நுனி ஒரு ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

பசை காய்ந்ததும் வாயாடி வாசலில் சிட்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. மீந்த கயிற்றுத் துண்டை அவன் மடியில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"பஸ்ஸோட வாயை இதை வெச்சு மூடிட்டோம். சுத்தி முழுக்க இதுதான். நீ வேணும்னா வந்து பாரு. பிடிக்கலைன்னா உடனே இறங்கிடலாம்."

சிட்டு கயிற்றைத் தடவினான். முறுக்கை விரலால் எண்ணினான். முகர்ந்து பார்த்தான். கடித்தும் பார்த்தான்.

"நான் கடிச்சா அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"சரி, வரேன். ஆனா நீ என் பின்னாலேயே வரணும்."

படியேறி, கயிற்றில் கை வைத்து நடந்தான். முதலில் ஒரே ஒரு விரல். பிறகு இரண்டு. தன்னைக் கடித்த ஜன்னலுக்கு வந்ததும் நின்றுவிட்டான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிட்டுவின் கை வளைவில் மெதுவாக ஏறியது, சுற்றியது, இறங்கியது.

"பொந்து காணோம்," என்றான். பிறகு மளமளவென்று நடக்கத் தொடங்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஓடினான். பின்னாலேயே வருவதாக வாக்குக் கொடுத்த வாயாடிக்கு மூச்சு வாங்கியது.

திடீரென்று நின்று, "அக்கா, என் கட்டில் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

வாயாடி யோசித்தாள். அம்மாவிடமிருந்து கோணி ஊசியும் கனமான நூலும் வாங்கி வந்தாள். சிட்டுவின் கட்டிலுக்கு நேராகக் கயிற்றில் நூலைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டாள். "ஒரு முடிச்சுன்னா நீ."

"ரெண்டு முடிச்சு நீ. மூணு அம்மா," என்று சிட்டுவே பங்கு பிரித்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு, "அப்பா எங்க படுப்பார்?" என்று கேட்டான்.

"கதவுக்குப் பக்கத்துலடா," என்றார் அப்பா.

"அப்ப அங்க நாலு முடிச்சு போடுங்க. பெருசா இருக்கணும்."

"எனக்கெதுக்குடா பெருசா? எழுப்பணும்னா கூப்பிட்டா வந்துடுவேனே."

"எழுப்பறதுக்கு இல்லப்பா. முழிப்பு வந்தா, நீங்க இருக்கீங்களா, போயிட்டீங்களான்னு தொட்டுப் பார்த்துட்டு வந்து படுத்துக்குவேன். வீட்லதான் உங்களுக்குன்னு படுக்க ஒரு எடமே கிடையாதே."



அப்பா ஊசியை வாங்கிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நான்கு முடிச்சையும் போட்டார். சிட்டு அவருடைய மடியில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு முடிச்சையும் அமுக்கிப் பார்த்து, "இன்னும் பெருசு, இன்னும் பெருசு," என்று வேலை வாங்கினான்.

லீவு விட்டதும் கிளம்பினார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் அப்பா கீழேயே நின்று, சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் மாற்றி மாற்றித் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் அம்மா ஜன்னல் வழியாக.

"வீட்டுச் சாவி எங்கே இருக்கும்?" என்றார் அப்பா.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்ட வேண்டியிருந்தது, அதுதான் முதல் தடவை.