முன்னால் போன வேன்

"நீங்கதான் அப்பவே போயிட்டீங்களே, சேன்யோரா" என்றாள் விடுதியின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்.

மரிசேலாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கான்குன் விமான நிலையத்தின் வெளிவாசலில் பிற்பகல் வெயில் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்த குளிர் முதுகைத் தொட்டுவிட்டுப் போனது. எரிபொருள் வாடையும் தேங்காய் மணக்கும் வெயில் களிம்பும் யாரோ கொட்டிய பீரும் கலந்த காற்றில் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். இந்த இரைச்சலில் யாருக்கும் முகங்கள் குழம்பத்தான் செய்யும்.

"நான் இப்பத்தான்மா வெளியே வர்றேன். பாத்ரூம் போயிருந்தேன். வில்யாரியல் குடும்பம். என் புருஷன், ஏழு வயசுப் பொண்ணு."

"ஆமா, பொண்ணு சிவப்புத் தொப்பி. சார் ரெண்டு பெட்டியையும் இழுத்துட்டு வந்தாரு." அந்தப் பெண்ணின் சட்டையில் நயேலி என்று எழுதியிருந்தது. அவள் மரிசேலாவின் மஞ்சள் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எங்கிட்ட தண்ணி கேட்டீங்க. நான்தானே பாட்டில் எடுத்துக் குடுத்தேன். வேன்ல ஏத்திக் கதவைச் சாத்தினதும் நான்தான்."

பெட்டிகள் சுற்றிவரும் பட்டையருகே கணவன் ஒக்தாவியோவையும் மகள் ரெனாத்தாவையும் நிற்க வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். முகம் கழுவப் போவதாகச் சொன்னாள். உண்மையில் அழத்தான் போனாள். தங்கள் ஊரான டொரியோனிலிருந்து கிளம்பிய நிமிடம் முதல் சண்டை. ஜன்னல் இருக்கைக்குச் சண்டை, குழந்தைக்குக் கொடுத்த மிட்டாய்க்குச் சண்டை. ஒரு வருடமாக வீட்டில் இருந்ததெல்லாம் விமானத்திலும் ஏறி வந்திருந்தது. இந்தக் கடற்கரை வாரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று இருவருமே நம்பினார்கள், அல்லது நம்புவதாகச் சொல்லிக்கொண்டார்கள். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்தபோது பட்டை நின்றுபோயிருந்தது. அங்கே யாரும் இல்லை.

கோபத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைப்பது எளிதாக இருந்தது.

"அடுத்த வேன் இப்பவே கிளம்புது" என்றாள் நயேலி. அவள் குரல் தணிந்திருந்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "அவங்க கொஞ்ச தூரந்தான் போயிருப்பாங்க. ஏறிக்கோங்க."

வேனில் வேறு பயணிகள் இல்லை. ஓட்டுநர் பெயர் எஃப்ராயின். தொப்பையும் நரைத்த மீசையுமாக, பேசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார்.

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டாரா? கவலைப்படாதீங்க. போன மாசம் ஒருத்தர் மாமியாரை விட்டுட்டுப் போனாரு. திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரலாம்னேன். அவசரமில்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்னுட்டாரு."

மரிசேலா சிரிக்க முயன்றாள். நெடுஞ்சாலையின் இருபுறமும் காடு, விளம்பரத் தட்டிகள், மறுபடி காடு. குளிர்சாதனம் ஈரத் துணி வாடையோடு அவள் முழங்கால்களின்மேல் ஊதியது. ஒக்தாவியோவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். எடுத்தான்.

"ஒக்தா! என்னை விட்டுட்டு எப்படிப் போன நீ?"

கடைக்காரர்களிடம் பேசும் மரியாதையான குரலில் அவன் சொன்னான்: "ஓ, போன் கிடைச்சிடுச்சா? ரொம்ப நன்றி, சேன்யோரா. என் மனைவி ஏர்போர்ட்ல எங்கயோ விட்டுட்டாளாம். இப்பத்தான் சொல்லிட்டிருந்தா."

"என்ன விளையாட்டு இது? நான்தான் பேசறேன்."

"யாரு?"

"நான்தான். மரி."

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். மரிசேலா அந்தச் சிரிப்பை அறிவாள். ரெனாத்தா பிறப்பதற்கு முன்பு, ஒக்தாவியோ சமையலறையில் ஆடிக்காட்டும்போது அவளே அப்படித்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

"ஒக்தாவியோ, உன் பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்கா?"

அவன் குரல் இறுகியது. அவர்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படிப் பணம் பறிக்கும் மோசடி அழைப்புகள் வந்திருக்கின்றன. அழுகிற குரல், சொந்தக்காரர் பெயர், கடத்திவிட்டார்கள், காப்பாற்று என்ற கதறல். கேட்டவுடன் வைத்துவிட வேண்டும் என்று அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"இந்த வேலையை வேற எவன்கிட்டயாவது வச்சுக்க" என்றான். "என் பொண்டாட்டி என் தோள்ல சாஞ்சுக்கிட்டு இருக்கா."

"உன் அம்மா ஆஸ்பத்திரியில கடைசியா என்ன சொன்னாங்கன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அவனைத் தனியா விட்டுடாதேன்னு சொன்னாங்க. கதவைச் சாத்திட்டு எங்கிட்ட மட்டும் சொன்னாங்க, ஒக்தா!"

அவன் மூச்சு தடைப்பட்டது. ஒரு நொடி. அவன் நம்பப் போகிறான் என்று நினைத்தாள்.

பிறகு அந்தப் பெண்ணின் குரல், மிக அருகில், தூக்கக் கலக்கத்தோடு: "வச்சிடு, செல்லம். என் போன்ல இருந்ததையெல்லாம் படிச்சிருப்பாங்க. பாவம், யாரோ."

மரிசேலாவின் குரல். அதில் அவள் வெகுநாளாகக் காட்டாத கனிவு.

தொடர்பு அறுந்தது. அதன்பின் எத்தனை முறை அழுத்தியும் மணி போகவில்லை.

"எஃப்ராயின், வேகமாப் போங்க. கெஞ்சிக் கேக்கறேன். என் பொண்ணு யாரோ ஒருத்திகூடப் போறா."

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பிறகு கம்பியில்லாக் கருவியை எடுத்து முன்னால் போகும் வேனை அழைத்தார். கரகரப்புக்கு நடுவே ஓர் ஆண் குரல் வந்தது. "என்னய்யா ஆச்சு? எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. சார் தூங்கறாரு. அம்மாக்காரி பொண்ணுக்குப் பாட்டுப் பாடறாங்க. அருமையான குரல்."

கருவியை அவர் கீழே வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கி, "மருந்து மாத்திரை ஏதாச்சும் எடுத்துக்கறீங்களா, சேன்யோரா?" என்று கேட்டார்.

"எனக்குப் பைத்தியம் இல்லை."

"நான் அப்படிச் சொல்லலை."

"என் வீட்டுக்காரங்க அந்த வேன்ல இருக்காங்க. அவ்வளவுதான். அவ்வளவுதான், எஃப்ராயின்."

சோதனைச் சாவடிக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. வானம் கறுத்து, காட்டிலிருந்து அழுகிய இலை வாடை வேனுக்குள்ளும் வந்தது. தூரத்தில், லாரிகளுக்கு அப்பால், ஒரு வெள்ளை வேனின் கூரை. மரிசேலா கதவை இழுத்துத் திறந்து குதித்தாள். எஃப்ராயின் கத்தியது காதில் விழுந்தது. ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. சூடான தாரில் வெறுங்காலோடு ஓடினாள். வெள்ளை வேனின் ஜன்னலில் இரு கைகளாலும் அடித்தாள். உள்ளே வெயிலில் சிவந்த வெளிநாட்டுக் கிழவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் இன்னொரு வெள்ளை வேன். அதற்கும் முன்னால் இன்னொன்று. எல்லா விடுதிகளுக்கும் வெள்ளை வேன்கள்தான்.

சாவடியைத் தாண்டி ஒன்று வேகமெடுத்தது. அதன் பின்கண்ணாடியில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

"ரெனாத்தா!"

சாலையில் மண்டியிட்டவளை எஃப்ராயின்தான் வந்து தூக்கினார். கழன்ற செருப்பும் அவர் கையில் இருந்தது. "ஏறுங்க" என்றார். "நான் கொண்டுபோய் விடறேன். உள்ளே மட்டும் வர மாட்டேன்."

"ஏன்?"

அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மழை பிடித்துக்கொண்டபோது கைப்பேசி அதிர்ந்தது. ஒக்தாவியோவின் பெயர். உடனே எடுத்தாள்.

"அம்மா."

கிசுகிசுப்பு. மிக மெல்லிய கிசுகிசுப்பு.

"என் ராணி! எங்க இருக்க நீ? அப்பா எங்க?"

"அப்பா தூங்கறாரு. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. அம்மா, இவங்க யாரு? உன் சட்டை போட்டிருக்காங்க. கண்ணைச் சிமிட்டவே மாட்டேங்கறாங்க."

"பயப்படாதே. நான் பின்னாடியே வர்றேன். இதோ வந்துட்டேன்."

"ஹோட்டல் வந்ததும் நான் ஓடிப்போய் ஒளிஞ்சுக்கறேன். வாசல்ல செடிங்க இருக்கும்ல, அதுக்குள்ள. நீ வந்து என்னைத் தூக்கிக்கோ."

"சரிடா. அசையாம உட்கார்ந்திரு. சத்தம் போடாதே."

"முதல்ல என்னைத் தூக்கிக்கணும். வேற எங்கயும் பார்க்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம். சத்தியம், கண்ணு."

அழைப்பு முடிந்தது. மரிசேலா கைப்பேசியை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தை ஏமாறவில்லை. அது ஒன்று போதும். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒக்தாவியோவை அறைந்தாவது எழுப்பலாம், போலீஸைக் கூப்பிடலாம், இதே வேனில் விமான நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.

விடுதியின் நுழைவாயில் வளைவுக்கு வெளியே எஃப்ராயின் வண்டியை நிறுத்தினார். அந்தி மங்கியிருந்தது. மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கயே நில்லுங்க" என்றாள். "பொண்ணைத் தூக்கிட்டு வந்துடறேன்."

அவர் தலையசைத்தார். அவள் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் வேன் திரும்பும் ஓசை கேட்டது. பின்விளக்குகள் சாலையில் கலந்து மறைந்தன.

காவலாளி குடையோடு எதிரே வந்தான். "எந்த அறை, சேன்யோரா?"

"வில்யாரியல்."

"அவங்க இப்பத்தான் உள்ளே போனாங்க." பேசிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். குடை சாய்ந்தது. "நீங்க... இப்பத்தானே நீங்க..."

அவனைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நீண்ட கல்பாதை. இருபுறமும் இடுப்பளவு செடிகள், அகன்ற இலைகள், நீர் சொட்டும் ஓசை. கடலிலிருந்து அழுகிய பாசி நாற்றம். பாதையின் முடிவில் வரவேற்புக் கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவர் மஞ்சளாக ஒளிர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சத்தியம் செய்திருந்தாள். செடிகளை மட்டுமே பார்த்தாள்.

"ரெனாத்தா. அம்மா வந்துட்டேன்."

இலைகள் அசைந்தன. ஒரு சின்னக் கை வெளியே நீண்டது.

"அம்மா."

அள்ளிக்கொண்டாள். மார்போடு சேர்த்து அழுத்தினாள். ஈரத் தலைமுடியில் முத்தமிட்டாள். மறுபடி மறுபடி. வாய்விட்டு அழுதாள். சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டன. கால்கள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன.

"வந்துட்டேன், என் ராணி. இனிமே விட மாட்டேன்."

"விடாதே" என்றது காதருகே.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். தட்டல் நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் அடிக்கும் தட்டல்.

தலையைத் திருப்பினாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒக்தாவியோ பெட்டிகளை இழுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவனோடு மஞ்சள் சட்டையில் ஒரு பெண், முதுகைக் காட்டியபடி. அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டிக் காத்திருந்தாள். கண்ணாடியோடு ஒட்டி ஒரு சிறுமி. சிவப்புத் தொப்பி கீழே விழுந்து கிடந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அடித்தாள். மரிசேலாவைப் பார்த்து அடித்தாள். மரிசேலாவின் தோளில் இருந்ததைப் பார்த்து அலறினாள்.

மரிசேலா ஓட நினைத்தாள். கால் எழவில்லை. இடுப்பில் இருந்தது கனத்தது. இன்னும் கனத்தது.

மஞ்சள் சட்டைக்காரி திரும்பி வந்து சிறுமியின் மணிக்கட்டைப் பற்றினாள். மென்மையாக. மரிசேலாவை நேராகப் பார்த்தாள். சிமிட்டாமல் பார்த்தாள். சிறுமியை இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகளின் ஈரம்.

கழுத்தைச் சுற்றிய கைகள் இறுகின. ஒரு கன்னம் அவள் கன்னத்தோடு வந்து ஒட்டியது. குளிர்ந்த கன்னம்.

"வேற எங்கயும் பார்க்க மாட்டேன்னு சொன்னியே, அம்மா."