மணிக்கொரு தரம்

வாகீசன் எனக்காக ஒட்டிமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் மனிதரின் மண்டையைத் திறந்து மூடிய விரல்கள். முள்ளை உடையாமல் இழுத்துக் கோப்பை ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். "இனிச் சாப்பிடும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அன்று புதன்கிழமை. அவர் ஓய்வு பெற்று, கொழும்பிலிருந்து வேலணைக்கு, அவருடைய தாய்வீட்டுக்கு வந்து மூன்றே நாள்.

பாசியில் வழுக்கி விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது இடது காதுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கிணத்துக்கட்டோட மோதிப்போட்டன். எனக்கும் ஒரு மண்டை இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியுது."

"ஆஸ்பத்திரிக்குப் போவமே?"

"சும்மா இரும். நான் படுக்கிறன். மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பிக் கேளும். பேர், இடம், கிழமை. பிழையாச் சொன்னா வாகனத்தைக் கூப்பிடும்."

அது அவருடைய வார்டின் சட்டம். தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகத்தான் கதைப்பார். உள்ளே இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை நெருக்கும். அதனால் மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டும். "நல்ல நித்திரை சேர், எழுப்பேல்லை" என்று ஒரு தாதி சொல்லிவிட்டால் இவருக்கு முகம் கறுத்துவிடும். "நித்திரையோ மயக்கமோ எண்டு எழுப்பாமல் உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அது மனப்பாடம்.

இரண்டேகாலுக்கு எழுப்பினேன்.

"வாகீசன். வேலணை. புதன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீர் சிவரூபி. மீன்குழம்புக்குப் புளி கூட விட்டனீர்."

மூன்றேகாலுக்கு அறை வாசலில் போய் நின்றேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் குறட்டை விடுகிற மனிதர் அல்ல. எத்தனை வருடம், நல்ல நித்திரையில் தொலைபேசி அடிக்க, சேர்ட்டைக் கையில் பிடித்தபடி ஓடியவர். ஒரு நாளாவது முழுதாக நித்திரை கொள்ளட்டுமே என்று நினைத்தேன். முகத்தில் வெயில் விழாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

நாலு மணிக்குக் குறட்டை நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பண்ணைப் பாலத்தின் நடுவில், வாகனக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு வேகத்தைக் குறைத்தார். எனக்கு முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

நித்திரையில் போய்விட்டார் என்று எல்லோருக்கும் சொன்னேன். மூன்றேகாலைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. மகன் லண்டனுக்குத் திரும்பினான். எனக்குக் கொழும்புக்குப் போக மனமில்லை. அடுத்த நாள் மத்தியானம் அதே கட்டிலில் படுத்தேன். வெளியே காற்று இல்லை. வெயிலில் பனையோலை கூட அசையவில்லை.

நெஞ்செலும்பில் ஏதோ அழுத்தியது.

விரல்முட்டிகள். மடித்த கையின் நான்கு முட்டிகள், எலும்போடு சேர்த்து அரைத்தன. எழும்பாத நோயாளியை அப்படித்தான் எழுப்புவார்கள்.

"கண்ணைத் திறவும்."

திறந்தேன். யாருமில்லை. ஆனால் டோர்ச் வெளிச்சத்தை நேரே பார்த்ததுபோல் இரண்டு கண்ணிலும் பச்சைப் புள்ளி மிதந்தது. அறை முழுதும் ஸ்பிரிட் மணம்.

"பேரென்ன?"

குரல் கோபமாக இல்லை. அன்பாகவும் இல்லை. வார்டுக் குரல்.

"சிவரூபி."

"எங்க இருக்கிறீர்?"

"வேலணையில."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி."

முட்டிகள் மறுபடி இறங்கின. மூச்சு அடைத்தது.

"என்ன கிழமை?"

"சனி... சனிக்கிழமை, இஞ்சருங்கோ, நோகுது..."

இன்னும் அழுத்தம். என்னை அறியாமல் வாயில் வந்தது.

"புதன்."

கை எடுபட்டது.

சரியாக ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும் வந்தது. அன்று மட்டுமல்ல. எப்போது கண்ணயர்ந்தாலும், பகலோ இரவோ, மணிக்கொரு தரம். இரண்டு கிழமையில் என் நெஞ்சு நடுவே பனம்பழம்போலக் கறுத்துவிட்டது. பயம் நாலு நாளில் போய்விட்டது. களைப்புத்தான் மிச்சம். சோற்றைப் பிசைந்தபடியே தூங்கி விழுந்தேன்.

சரவணையிலிருந்து மச்சாள் வந்தார். வாகீசனின் அக்கா அன்னபூரணம். என் சட்டைக் கழுத்துக்கு மேலே தெரிந்த கன்றலைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பையை அப்படியே நிலத்தில் வைத்தார்.

"என்னடி இது? ஆர் அடிச்சது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றேகாலையும்.

மச்சாள் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறட்டை கேட்டனியோ?"

"ஓம்."

"கேட்டும் விட்டிட்டாய்."

"பாவம் எண்டு விட்டனான் மச்சாள்."

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கதிரையொன்றை இழுத்துக் கட்டிலருகே போட்டார்.

"படு. நான் காவல் இருக்கிறன். வரட்டும் பாப்பம். சின்னனில நான் குண்டி கழுவிவிட்ட பெடியன். எனக்கு முன்னால கை ஓங்குவானோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை மாதத்தில் முதல் தடவை.

படுக்கும்போதே ஒரு முடிவு எடுத்திருந்தேன். இம்முறை பதில் சொல்வதில்லை. அவர் என்னைத் தண்டிக்கிறாரா, காப்பாற்றுகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். தண்டனையென்றால் முடித்துவிடட்டும். எப்படியென்றாலும் எனக்கு ஒரு முழு நித்திரை வேண்டும்.

முட்டிகள் வந்தன.

"கண்ணைத் திறவும்."

திறக்கவில்லை.

"பேரென்ன?"

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எலும்பு முறிந்துவிடும்போல இருந்தது. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பேசவில்லை.

கை எடுபட்டது.

அதன்பிறகு குரல் என்னோடு பேசவில்லை. எனக்கு மேலால் வேறு யாரிடமோ, மெதுவாக, "பதில் இல்லை" என்றது.

இரண்டு கைகள் என் தலையைப் பிடித்து வலது பக்கம் திருப்பின. அவ்வளவு மெதுவாக. அந்த விரல்களை எனக்குத் தெரியும். இடது காதுக்கு மேலே ஏதோ குளிர்ந்து ஈரமாகப் பட்டது. நான் நன்றாக நித்திரையாகிவிட்டேன்.

விழித்தபோது பொழுது பட்டிருந்தது. மச்சாள் கதிரையில் விறைத்துப்போய் இருந்தார். கண் இமைக்கவில்லை. மடியில், சேலைத் தலைப்பில், ஒரு பிடி மயிர். கறுப்பும் நரையும் கலந்த என் மயிர்.

காதுக்கு மேலே தடவிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு மழமழவென்று தோல்.

"நித்திரை கொண்டிட்டீங்களோ மச்சாள்?"

"இல்லை." குரல் காற்றாக வந்தது. "முழிச்சுத்தான் இருந்தனான்."

"என்ன கண்டனீங்கள்?"

"ஒண்டும் காணேல்லை. மயிர் விழுறதைத்தான் கண்டனான்."

மறுநாள் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தோம். உள்ளே ஒன்றுமில்லை. இளம் டொக்டர் ஒருவர் என் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, ஒப்பரேசனுக்கு முதல் ஆர் உங்களைப் பாத்தது?"

"ஒருத்தருமில்லை. ஏன்?"

"வெட்டுற இடத்தைக் கீறி விட்டிருக்கினம். ஊதா மையால. நல்ல கை. ஒரே இழுவையில கீறியிருக்கு."

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பிறகு அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

பதில் சொல்லாத நோயாளிக்கு அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். முதலில் மழிப்பார்கள். பிறகு கோடு கீறுவார்கள். அதற்குப் பிறகு கத்தி. நான் கேட்ட கேள்விக்கு விடை அதில் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. எங்களுடைய வாகீசன் நோயாளியைத் தண்டிக்கிற டொக்டர் அல்ல. ஆனால் கத்தி கத்திதான்.

இப்போது சரவணையில் மச்சாளோடு இருக்கிறேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் முடிய ஐந்து நிமிடம் இருக்க, என் தோளைத் தட்டுகிறார்.

"எழும்படி. அவன் வரமுதல் சொல்லிப்போடு."

"சிவரூபி. வேலணை. புதன்" என்கிறேன், இருட்டைப் பார்த்து. சொன்னால் முட்டிகள் வருவதில்லை. ஸ்பிரிட் மணம் மட்டும் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போகும்.

இதற்கிடையில் எட்டு மாதம் போய்விட்டது. நெஞ்சுக் கன்றல் ஆறிவிட்டது. மயிரும் வளர்ந்து காதை மூடிவிட்டது. முழுகிவிட்டு வரும்போது மச்சாள் பின்னால் நின்று ஈரத்தலையை விலக்கிப் பார்ப்பார்.

கோடு அப்படியே இருக்கிறது.