அக்கா போட்ட கையெழுத்து

உச்சி வெயிலில் தம்பி ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த அக்காவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஜன்னலையும் சாத்தியிருந்தான். அவனுடைய வெல்டிங் பட்டறையின் கருகிய இரும்பு வாடையும், வியர்வையும், மூலையில் பாயில் தூங்கும் அவன் ஒரு வயது மகளின் பவுடர் மணமும் அந்த அறைக்குள் நகராமல் தேங்கிக் கிடந்தன.

"வெந்து சாகவா? ஃபேனைப் போடுடா."

"வேணாம்க்கா. காத்து பட்டா தொண்டை இழுக்குது."

சுவிட்சுக்குப் போன அவள் கை அந்தரத்தில் நின்றது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பட்டறை வாசலில் ஒரு நாய்க்குட்டி அவன் கணுக்காலைக் கவ்வியிருந்தது. முதல் ஊசியை அவளே போட்டாள். அடுத்த மூன்றுக்கும் அவன் வரவில்லை. "தேதியை மட்டும் எழுதிக் குடுத்துடுக்கா. அம்மா உயிரை வாங்குறாங்க." குட்டிதானே என்று அவளும் ஊசி அட்டையில் நர்ஸ் கையால் மூன்று தேதி எழுதி, மூன்று கையெழுத்துப் போட்டாள். அதே வாரம் அந்தக் குட்டி செத்துப்போனது. லாரி ஏறியிருக்கும் என்றார்கள். நம்பிக்கொண்டாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் ஆசையாகத்தான் வாங்கினான். உதட்டருகே போனதும் கழுத்து நரம்புகள் விறைத்து, தலை பின்னால் வெட்டியது. தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"ஊசி போடாததாலயாக்கா?" குரல் கரகரத்தது. "பயப்படாத. உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன். இப்பப் போட்டா சரியாயிடும்ல?"

இனி எந்த ஊசிக்கும் வேலையில்லை. அவளுக்குத் தெரியும்.

"சரியாயிடும்டா."

அடுப்படியிலிருந்து அம்மா போனோடு வந்தாள். இன்னொரு கையில் அந்த அட்டை. "எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டர். எம்பொண்ணே நர்ஸுதான். இந்தாடி, நீயே சொல்லு."

போன் காதில் சுட்டது.

"நாலு டோஸும் போட்டீங்களா சிஸ்டர்?"

அம்மா அவள் வாயையே பார்த்தாள். தம்பியும் பார்த்தான். லேசாகத் தலையசைத்தான், சொல்லிடு என்பதுபோல.

"போட்டாச்சு டாக்டர்."

"அப்ப நாய்க்கடி ரேபிஸ் இல்ல. தொண்டைப் புண்ணாத்தான் இருக்கும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"நல்லவேளை," என்றாள் அம்மா. பெருமூச்சு விட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு.

குழந்தை விழித்திருந்தாள். எப்போது தவழ்ந்து போனாளோ. அப்பா மடியில் ஏறி நின்றிருந்தாள். பல் முளைக்கும் ஈறு, ரத்தம் கசிந்து சிவந்திருந்தது.

அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை. தாடையிலிருந்து நூலாக இறங்கியது. கெட்டியாக. நிற்காமல்.

"பாப்பாவை இறக்குடா."

அவளுக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

குழந்தை அப்பாவின் தாடையை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். அக்கறையாக. இரண்டு முறை.

பிறகு, அரிக்கும் ஈறுக்கு இதமாக, அந்தக் கையை முழுசாக வாய்க்குள் வைத்துக் கடித்தாள்.