தட்டில் பேசிய தோழி

"அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். கண் கலங்கினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் விட்டுவிடாதீர்கள்."

குரல் ரெஜினா வீட்டுச் சமையல் மேடையிலிருந்து வந்தது. தலைக்கு எண்ணெய் வைப்பதற்காக அவள் தன் செவித்தோழியைக் கழற்றி எவர்சில்வர் தட்டில் போட்டிருந்தாள். மிளகளவுக் கருவி. காதில் இருந்தால் மாட்டியவருக்கு மட்டும் கேட்கும். தட்டில் கிடந்ததால் அறை முழுக்கக் கிசுகிசுத்தது. எதிராளியின் குரலை வைத்தே மனதைக் கணித்து, அடுத்து என்ன பேசலாம் என்று அது சொல்லிக்கொடுக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இனி நண்பர்கள் கிடைப்பார்கள் என்று கோவை முழுக்க அதே பேச்சு. அந்தக் குடியிருப்பில் அதை மாட்டாதவள் பூங்கோதை ஒருத்திதான். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

இப்போது ரெஜினாவின் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த வயதில் கிடைத்த ஒரே சிநேகிதி ரெஜினா. அம்மாவின் திதியன்று மறக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"அப்ப நீங்க எங்கையப் புடிச்சதெல்லாம் இது சொல்லித்தானுங்களா?"

ரெஜினாவின் முகம் வெளுத்தது. "அழுறவங்ககிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அதான் கேட்டுக்கிட்டேன்."

"நடிச்சிருக்கீங்க! மூணு வருஷமா!"

"நடிப்பா?" எண்ணெய்க் கிண்ணம் மேடையில் 'ணங்' என்று இறங்கியது. "உங்கம்மா கதையப் பூராவும் கேட்டது எங்காது. மெஷினோட காது இல்ல. நீ ஒரு நாளாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கியா? பேச்சு வார்த்தையில்லாமப் போயிட்டானே எம்பையன், அவன் பேராவது தெரியுமா உனக்கு?"

பூங்கோதை வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"கத்தாதடி!" என்று கத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மாடியேறினாள்.

தட்டில் கிடந்த தோழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பூச்சில்லாத இப்படியொரு பேச்சு அதைச் செய்த நிறுவனத்துக்கு அதுவரை சிக்கியதே இல்லை. உண்மையான நட்பு இப்படித்தான் பேசும் என்று முடிவுகட்டி, விடிவதற்குள் அத்தனை காதுகளுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

காலையில் பூங்கோதை இறங்கி வந்தபோது குடியிருப்புப் பூங்காவில் ஒரே கூச்சல். நேற்றுவரை "சுகர் எப்படிங்க இருக்குது?" என்று குழைந்தவர்கள் முகத்துக்கு முகம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளையே இல்லாத தண்டபாணிகூட, "எம்பையன் பேராவது தெரியுமா உனக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். "கத்தாதடா!" என்றார் எதிரில் நின்றவர், முறை தவறாமல்.

தங்கள் சண்டையைத் திருடி ஊருக்கே பங்கு வைத்துவிட்டார்களே என்று பூங்கோதைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேராகப் போய் ரெஜினா வீட்டு மணியை அழுத்தினாள்.

கதவு பாதிதான் திறந்தது.

"உம்பையன் பேரென்ன ரெஜினா?"

கீழேயிருந்து அதே கேள்வி நாலைந்து குரல்களில் மேலே வந்தது. ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயும் வாங்கி மாட்டிக்கிட்டியா?"

"அடியே, நான் அதைத் தொட்டதே இல்லடி! பாரு!" முடியை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள். திரும்பி இடது காதையும் காட்டினாள்.

"இப்பெல்லாம் தோலுக்கு அடியிலேயே வெக்கறாங்களாமா," என்றாள் ரெஜினா.

பூங்கோதையிடம் காட்டுவதற்கு வேறு காது இல்லை.