தங்க நாற்காலியும் பொரித்த கத்தரிக்காயும்

தஹானியின் வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். அது விருந்தாளி அறை. எகிப்தின் தந்தா நகரத்தில் அவளுடைய தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படி ஓர் அறை உண்டுதான். ஆனால் தஹானியின் அப்பா ஹில்மி மாதிரி அதைக் காவல் காத்தவர் யாரும் இல்லை.

உள்ளே ஏழு நாற்காலிகள், ஒரு சோபா. எல்லாவற்றுக்கும் தலை முதல் கால் வரை தங்க முலாம்.

"பிரெஞ்சு ராஜா உட்கார்ந்த நாற்காலி மாதிரியே செஞ்சதாக்கும்!" என்பார் அப்பா.

அந்த ராஜா அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், எழுந்தபோது அவருக்கு முதுகு வலித்ததா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. அழுக்கு படக்கூடாது என்று எல்லா நாற்காலிக்கும் பிளாஸ்டிக் உறை. மின்விசிறி இருந்த இடத்தில் ஒரு பெரிய கண்ணாடி விளக்குக் கொத்து தொங்கியது. காற்றைவிட அழகு முக்கியம் என்பது அப்பாவின் கட்சி.

அப்பா, அம்மா, தஹானி, தம்பி ஹமாதா நாலு பேரும் மிச்சமிருந்த சின்னக் கூடத்திலும் சமையலறையிலும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

நேற்று அந்த அறை திறந்தது. மஹ்ரூஸ் பெரியப்பா வந்துவிட்டார்!

பெரியப்பா ஒன்பது வருடமாக வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். அவர் கிளம்பிப் போனபோது தஹானிக்கு ஒரு வயது. அவருடைய முகம் அவளுக்கு நினைவில்லை. ஆனால் குரல் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் பேசுவார். தஹானி ஏதாவது சொன்னால் ஆட்டுக்குட்டி கத்துவது போல, "மே... ஹே... ஹே..." என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே அவள் வாரம் முழுக்க வேடிக்கைக் கதைகளைச் சேர்த்து வைப்பாள்.

அப்படிப்பட்ட பெரியப்பா பத்து நாள் தங்கப் போகிறார்!

ஆனால் வந்து இறங்கியது போன் பெரியப்பா இல்லை. கறுப்புக் கோட்டு, கழுத்தை நெரிக்கும் டை, முகம் பார்க்கலாம் போல மின்னும் காலணி போட்ட ஒரு பெரிய மனிதர். அப்பாவும் தன் ஒரே கோட்டை மாட்டிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் தங்க நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜூலை மாத வெயில். இருவருக்கும் வியர்த்து ஊற்றியது.

"பயணம் சுகமா இருந்துச்சா?"

"அல்லா புண்ணியத்துல சுகம்."

"அல்லாவுக்கே புகழ்."

அரை மணி நேரம் பேச்சு இப்படியே நகர்ந்தது. பெரியப்பா எழுந்தால் பிளாஸ்டிக் உறை கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு, 'ப்ர்ர்ர்க்' என்று சத்தம் போடும். ஹமாதா வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவான். பெரியப்பா சிரிக்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எப்போதடா சிரிப்பார் என்று தஹானி கதவோரமே காத்துக் கிடந்தாள்.

இன்று மதியச் சாப்பாடும் அந்த அறையில்தான். முழு வாத்து ரோஸ்ட் பெரியப்பாவின் முன்னால் மல்லாந்து கிடந்தது.

"சாப்பிடுங்கண்ணே!"

"போதும்பா, நிறைஞ்சு போச்சு."

"அல்லா மேல சத்தியம், இந்தக் காலையும் சாப்பிட்டே ஆகணும்!"

ஊர் வழக்கப்படி விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் நாலு தடவை சத்தியம் செய்வார். அண்ணன் தம்பிக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அண்ணனும் விருந்தாளிதான் போலிருக்கிறது. பெரியப்பா வாத்துக் காலைத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். பிறகு மறுபடி இந்தப் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

சமையலறையில் பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு. அம்மா நீளநீளமான கத்தரிக்காய்களைக் கீறி, எண்ணெயில் பொரித்து, நசுக்கிய பூண்டும் பச்சை மிளகாயும் வினிகரும் கலந்து மேலே தடவிக்கொண்டிருந்தார். கூடவே சுடச்சுட உப்பிய ரொட்டி. தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பாடு.

கை கழுவ வந்த பெரியப்பா கூடத்தில் சட்டென்று நின்றார். மூக்கு மேலே போனது.

"தஹானி, அது என்ன வாசனை?"

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா பறந்து வந்தார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா பிள்ளைங்க சாப்பாடு. இந்தப் பக்கம் வாங்க! தஹானி, கதவைச் சாத்து! வீடெல்லாம் பூண்டு நாறுது, மானம் போகுது!"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"ஹில்மி, நான் இன்னிக்கு அஞ்சு மணி ரயிலுக்குக் கெய்ரோ கிளம்பறேன்பா. அங்க ஹோட்டல்ல தங்கிக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? சத்தியமா இல்லண்ணே!"

"இல்லப்பா. போறேன்."

அப்பா மூன்று முறை சத்தியம் செய்தார். பெரியப்பா அசையவில்லை. வேறு வழியில்லாமல் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடிக்கக் கீழே போனார்.

தஹானி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். 'பத்து நாள்னு சொன்னாரே! ஒரு தடவை சிரிக்காமலேயே போறாரே!'

அவள் யோசித்தாள். வாத்து தட்டில் ஊர்வலம் போனதே தவிர வாய்க்குப் போகவில்லை. ஆனால் கூடத்தில் நின்றபோது அந்த மூக்கு?

அவ்வளவுதான். ஒரு ரொட்டியைப் பிளந்து, உள்ளே இரண்டு கத்தரிக்காயைத் திணித்து, எண்ணெய் ஒழுகாமல் கையை அடியில் பிடித்துக்கொண்டு விருந்தாளி அறைக்குள் நுழைந்தாள்.

பெரியப்பா ரொட்டியைப் பார்த்தார். கண் விரிந்தது. பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"இங்க வச்சா? ஒரு சொட்டு எண்ணெய் பட்டாக்கூட உங்கப்பனுக்கு மாரடைப்பு வந்துடும் கண்ணு."

"அப்ப நாங்க சாப்பிடற இடத்துக்கு வாங்க, பெரியப்பா. அங்க எண்ணெய் பட்டா யாரும் திட்டமாட்டாங்க. ஏற்கெனவே எல்லா இடத்துலயும் பட்டிருக்கு."

'ப்ர்ர்ர்க்!' பெரியப்பா எழுந்தார்.

சமையலறை வாசலில் அவரைக் கண்டதும் அம்மா கரண்டியைக் கீழே போட்டார். "ஐயையோ! நீங்க போய் இங்கயா? உக்காரக்கூட இடம் இல்லையே!"

"இதோ இருக்கே!"

கோட்டைக் கழற்றினார். டையை உருவினார். செய்தித்தாள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் கடியில் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது கடி வரை திறக்கவில்லை.

"அங்க கேன்டீன்லதான் சாப்பாடு," என்றார் மெல்ல. "எல்லாம் கிடைக்கும். வாத்துகூடக் கிடைக்கும். எதிர்ல ஒரு சுவர். அதைப் பார்த்துக்கிட்டே தனியா சாப்பிடணும். இந்தக் கத்தரிக்காயும், கூட உக்கார நாலு பேரும் மட்டும்தான் கிடைக்காது."

ஹமாதா எட்டிப் பார்த்தான். "பெரியப்பா, உங்க மூக்குல பூண்டு ஒட்டியிருக்கு."

"இருக்கட்டும்டா, அதையும் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்."

"மூக்கையா?" என்றாள் தஹானி.

"மே... ஹே... ஹே... ஹே!"

அடுப்பங்கரையே அதிர்ந்தது. போனில் கேட்டதைவிட நேரில் அது பெரிய ஆடு!

அந்த நேரம் பார்த்து அப்பா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "அண்ணே, டாக்ஸி வந்து..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தரையிலயா! ஊர் என்ன சொல்லும்? ஒன்பது வருஷம் கழிச்சு வந்த அண்ணனுக்குப் பழைய பேப்பர்ல கத்தரிக்காய் போட்டான் ஹில்மின்னு சிரிக்க மாட்டாங்க?"

"ஊரை விடுடா. நேத்துலேர்ந்து நான் என் தம்பியைத் தேடிக்கிட்டிருக்கேன். எங்கடா போன நீ?"

அப்பா விழித்தார். "நீங்கதானே கோட்டும் டையுமா வந்து இறங்கினீங்க? அதனாலதான் வாத்து வாங்கினேன்."

"நீதானேடா தங்க நாற்காலியைப் படம் பிடிச்சு அனுப்பின? அதுல உக்காரணுமேன்னுதான் இந்தக் கோட்டையே வாங்கினேன்! வாங்கின நாள்லேர்ந்து அக்குள் அரிக்குது."

அப்பா குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். விறுவிறுவென்று விருந்தாளி அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

கீழே டாக்ஸி ஹாரன் அலறியது.

"போறீங்களா பெரியப்பா?" என்று கேட்டாள் தஹானி.

"எப்படிப் போறது? கையெல்லாம் எண்ணெயா இருக்கே," என்றார் பெரியப்பா, இன்னொரு ரொட்டியைப் பிளந்தபடி. "பத்து நாளாவது ஆகும் இது போக."

தஹானி பால்கனிக்குப் பறந்தாள். "டாக்ஸி மாமா! எங்க பெரியப்பா வரல! கத்தரிக்காய் சாப்பிடறாங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன.

"அது சரி! மூணு மாடி உயரத்துல நின்னு வாசனையை மட்டும் அனுப்பறியே, நியாயமா?" என்று கத்தினார் டாக்ஸிக்காரர்.

பால்கனியில் கயிறு கட்டிய கூடை இருந்தது. கடைக்காரரிடம் காய்கறி வாங்க இறக்குவது. தஹானி அதில் கத்தரிக்காய் திணித்த இரண்டு ரொட்டிகளை வைத்துக் கீழே இறக்கினாள். டாக்ஸிக்காரர் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடையைத் தட்டி மேலே அனுப்பிவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது சமையலறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை. சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. யாரையும் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார்.

"மிச்சம் இருக்கா?"

"சத்தியம் பண்ணிக் கூப்பிடணுமா உன்னை? உக்காருடா!" என்றார் பெரியப்பா.

அம்மா இன்னும் நாலு கத்தரிக்காயை எண்ணெயில் போட்டார். தஹானி தம்பியை இடப்பக்கம் தள்ளினாள். பெரியப்பா முழங்காலை மடக்கிக்கொண்டார். சரியாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை கிடைத்தது.