ஆடு போன திசை

விடிந்ததும் வஜீஹா எழுவாள். முகம் கழுவுவாள். முருங்கைத் தழை ஒடித்துக் கட்டுவாள். அண்ணன் இனாயத்தோடு கட்டுமரத்தில் ஏறி அடையாற்றின் நடுவே போவாள். அங்கே ஒரு முளையில் பழைய தோணி கட்டியிருக்கும். அதற்குள் மல்லி என்ற வெள்ளாடு படுத்திருக்கும்.

கரையில் நரித் தொல்லை. அதனால் இரவில் ஆட்டுக்குத் தோணிதான் கொட்டகை. அது அம்மாவின் ஏற்பாடு. அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். ஏற்பாடு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மார்கழிப் பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முளை இருந்தது. தோணி இல்லை.

"நேத்து கயிறு கட்டினது யாரு?" என்றாள் வஜீஹா.

"நான்தான்." இனாயத் காலேஜில் கணக்குப் படிப்பவன். "ஒரு கையில புஸ்தகம் இருந்திச்சி..."

"புஸ்தகத்தாலயே கட்டிட்டியா? மல்லி சினையா கீது, தெரியுமில்ல?"

"கத்தாத. அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க? 'சண்டை போடாதீங்க'ன்னாங்க இல்ல?"

வஜீஹாவுக்கு உச்சந்தலை சுட்டது. ஒவ்வொரு சண்டையிலும் இதே பேச்சு. சொந்தக்காரர்கள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா கண்ணை மூடியபோது அவன் காலேஜிலிருந்து வந்து சேரவே இல்லை.

கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அது திரும்பி இறங்க ஆரம்பித்தால் தோணி நேரே கடலுக்குப் போய்விடும்.

இனாயத் சட்டைக்குள்ளிருந்து காகிதம், பென்சில், திசைகாட்டி, அட்டவணைப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்தான்.

"தோணியைத் தேடச் சொன்னா கடை பரப்புறியே!"

"பனியில கோணம் தெரியாம எங்க போறது? கிழக்கும் வடக்கும் கூட்டல். மேற்கும் தெற்கும் கழித்தல். தண்ணி மேற்கே நாலு கஜம் தள்ளினா, வாடைக்காத்து தெற்கே மூணு கஜம் தள்ளுது. முன்னாடியே அளந்து வெச்சிருக்கேன். மூணை நாலால வகுத்தா முக்கால்."

எந்தக் கோணத்துக்கு டாஞ்சென்ட் முக்கால் வரும் என்று புத்தகத்தின் டேபிளில், விடையிலிருந்து கோணத்தைத் தேடினான்.

"முப்பத்தேழு டிகிரி! கிழக்குலேந்து வடக்குப் பக்கமா."

துடுப்புப் போட்டார்கள். நீர் எதிர்த்து வந்தது. காற்றும் முகத்தில் அடித்தது. போகப் போகக் கடலின் இரைச்சல்தான் பெரிதானது. ஆட்டின் சத்தம் இல்லை.

"எதுத்துக்கினு போறோமே! மல்லி கையில துடுப்பு குடுத்துட்டு வந்தியா?"

"டேபிள் பொய் சொல்லாது."

வஜீஹா காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நாலுக்கும் மூணுக்கும் முன்னால கழித்தல் கோடு போட்டியே. அப்பால அது எங்க போச்சு?"

"ரெண்டு பக்கமும் கழித்தல் இருந்தா, வகுக்கும்போது அடிபட்டுப் போயிடும்."

"அப்ப கிழக்கே நாலு, வடக்கே மூணு போனாலும் இதே முக்கால்தானா?"

இனாயத்தின் துடுப்பு நின்றது. "ஆமா."

"அப்புறம் எந்தப் பக்கம்னு டேபிளுக்கு எப்டித் தெரியும்? நீதானே பாக்கணும்!"

அவன் காது சிவந்தது. "கோணம் சரி. அதோட நூத்தியெண்பது கூட்டணும்."

"கூட்டுறதை அப்பால வெச்சுக்கோ. முதல்ல திருப்பு!"

கட்டுமரம் திரும்பியது. முளையைத் தாண்டியது. அதே முப்பத்தேழு டிகிரி, ஆனால் இப்போது மேற்கிலிருந்து தெற்குப் பக்கமாக. இனாயத் மூச்சு வாங்க வலித்தான். வஜீஹா திசைகாட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மே..."

கோரைப் புதரில் தோணி முட்டி நின்றது. மல்லி கோரையை மென்றுகொண்டு, தாமதமாக வந்தவர்களை முறைத்தது. வஜீஹா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டி உதைத்தது.

கொஞ்ச நேரத்தில் மிதந்த சருகுகள் நின்றன. பிறகு மெல்லக் கிழக்கே நகர்ந்தன. நீர் திரும்பிவிட்டது.

இனாயத் தோணியின் கயிற்றை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கி, கட்டுமரத்தோடு தானே இறுக்கிக் கட்டினாள்.

"இன்னும் கோவமா? அம்மா சொன்னதை..."

"அம்மா அப்டி சொல்லவே இல்ல. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

இனாயத் அவள் பக்கம் திரும்பினான். "பின்ன இன்னா சொன்னாங்க?"

வஜீஹா முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"'இனாயத் முடிச்சு சரியா போடமாட்டான், நீ போய்ப் பாரு'ன்னாங்க."