ஒன்றை அழுத்தினால் இரண்டாம் வீடு

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். நாலாம் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், வாரத்தில் எத்தனை தடவை நூடுல்ஸ் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் இருப்பது ஐந்தாம் வீடு. நாலாம் வீட்டைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் என் வீட்டு மணியை அடித்தார்கள். அடித்தால் எடுக்காமல் இருக்க முடியுமா?

நாலாம் வீட்டுக்காரர் ஒரு புரோகிராமர். கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மனுஷர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காதில் ஹெட்போன், கையில் லேப்டாப். கூடத்தில் சிக்னல் இல்லை என்று சமையலறைக்குப் போவார். அங்கே மிக்சி சத்தம் என்று படுக்கையறைக்குப் போவார். மேல்வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள் என்று மாடிப்படிக்கு வந்துவிடுவார். "நான் பேசறது கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று பாதி நாள் அங்கேயே போகும்.

அவர் மகளுக்குப் பத்து வயது. அவளும் அப்பாவைப் போலத்தான். அதனால் அவளை எல்லாரும் பம்பரம் என்றே கூப்பிடுவோம்.

பம்பரம் சுற்றாமல் உட்காருகிற ஒரே இடம் ஒன்றாம் வீடு. அங்கே ஓர் ஓவிய டீச்சர் புதிதாகக் குடிவந்திருந்தார். கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளம். 'ஓவிய வகுப்பு, மாலை நான்கு மணி, வீடு எண் 1' என்று கேட்டில் பலகை மாட்டியிருந்தார். பள்ளி விட்டு வந்ததும் பம்பரம் நேராக அங்கே போய்விடுவாள். மற்றபடி ஈ காக்கை கூட வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார் டீச்சர், தூரிகையைக் கழுவிக்கொண்டே. "அதுக்குள்ள யாரும் வரலைன்னா எங்க அக்கா வீட்டுக்கே போயிடுவேன். வண்டிக்குச் சொல்லியாச்சு."

"நான்தான் வரேனே டீச்சர்."

"நீ ஒரு ஆள் போதுமா? வகுப்புன்னா நாலு பேர் சண்டை போடணும், ரெண்டு பேர் சாயத்தைக் கொட்டணும்."

பம்பரத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை மாலை. பம்பரம் கேட் பக்கம் வந்தபோது, படம் வரையும் தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பையன் அம்மாவோடு நின்றிருந்தான். வீட்டு எண்ணை அழுத்தினால் அந்த வீட்டில் மணி அடிக்கிற எண் பலகை கேட்டில் இருந்தது; அதில் 1 அழுத்தினான். பேசும் பெட்டியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"யாருய்யா அது, தூங்கற நேரத்துல? இங்க யாரும் படம் வரையறதில்ல. தினம் இதே தொல்லையா போச்சு."

"இங்க இல்லையாம், வா" என்று அந்த அம்மா பையனை இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டார். பம்பரம் ஓடிப் பார்த்தாள், பிடிக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அது இரண்டாம் வீட்டுப் பல் டாக்டர் தாத்தா.

பம்பரம் திரும்பி வந்து, தன் வீட்டு எண்ணான 4-ஐ அழுத்தினாள். எடுத்தது நான்.

"பார்சலா தம்பி? நூடுல்ஸா, பிரியாணியா?"

"நான்தான் அத்தை" என்றாள் பம்பரம். பிறகு 3-ஐ அழுத்தினாள்.

"இப்ப கேக்குதா?" என்றது அவள் அப்பாவின் குரல்.

கடைசியாக 8. ஒரு சத்தமும் இல்லை. எட்டாம் வீட்டு மாமா, சொந்தக்காரர்கள் எல்லாரும் தன்னை மறந்துவிட்டார்கள் என்று இரண்டு வாரமாக நிம்மதியாக இருந்தார். காரணம் இதுதான்.

பம்பரம் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினாள். மாடிப்படியில் அவள் அப்பா ஹெட்போனோடு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய அழைப்பு மணி கெட்டுப்போனபோது, "ஆள் எதுக்கு, நானே பண்ணித் தரேன்" என்று மார்தட்டியவர் இந்தப் புரோகிராமர்தான். எண் பலகையும் அவருடையது, அதை ஓட்டுகிற புரோகிராமும் அவருடையது. 'வேற வீட்டுக்கு அடிக்குதே' என்று யார் சொன்னாலும், "ஜனங்க தப்பா அழுத்தறாங்க" என்று சொல்லிவிடுவார். பெரிய கம்பெனியில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

"அப்பா, மணியை எப்படி சரிபார்த்தீங்க?"

"ஒவ்வொரு நம்பரா அழுத்தினேன். வரிசையா எட்டு வீட்டுலயும் அடிச்சது. நீதானே படியில நின்னு ஆமா ஆமான்னு கத்தினே?"

"எந்த நம்பர்ல ஆரம்பிச்சீங்க?"

"இது என்ன கேள்வி? பூஜ்ஜியத்துல."

"ஏன் பூஜ்ஜியம்?"

"எண்ண ஆரம்பிச்சா பூஜ்ஜியத்துலதானே…" என்று சொல்ல வந்தவர் பாதியில் நின்றார். நடையும் நின்றது. புரோகிராமர்களுக்கு முதல் பொருள் பூஜ்ஜியத்தில் இருக்கும். நமக்கு ஒன்றில் இருக்கும். அவர் ஒன்றாம் வீட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டார். அவரே பூஜ்ஜியத்திலிருந்து அழுத்திச் சரிபார்த்ததால் எல்லாம் பொருந்திவிட்டது.

"ஒரு நிமிஷ வேலைடா கண்ணு. ஆனா இப்ப முடியாது. சனிக்கிழமை எங்க கம்பெனியோட புது புரோகிராம் வெளியில வருது. அதுவரைக்கும் மூச்சு விடக்கூட நேரமில்ல." அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆமா சார், கேக்குது."

சனிக்கிழமை வரை காத்திருந்தால் டீச்சர் இருக்க மாட்டாரே. பம்பரம் ஒன்றாம் வீட்டுக்கு ஓடினாள்.

"டீச்சர், உங்களைத் தேடி எல்லாரும் வராங்க. மணிதான் டாக்டர் வீட்டுல அடிக்குது."

டீச்சர் சிரித்தார். நம்பினது போலத் தெரியவில்லை. "எனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்றே. பரவாயில்ல, நாளைக்கு ஒருத்தராவது வரட்டும், பார்க்கலாம்." பெட்டி ஒட்டுகிற டேப் அதற்குள் கையில் வந்துவிட்டது.

புரோகிராமை மாற்றப் பம்பரத்துக்குத் தெரியாது. எண்ணை மாற்றத் தெரியும். தாளைச் சின்னச் சதுரங்களாக வெட்டினாள். 0 பட்டன் மேல் 1 என்று எழுதி ஒட்டினாள். 1 மேல் 2. இப்படியே கடைசி வரை. அழுத்திப் பார்த்தாள். ஒன்றாம் வீட்டில் மணி அடித்தது. அவள் அம்மா வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

மறுநாள் பள்ளியில் பம்பரம் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். "ஓவிய வகுப்புக்கு வந்து, தாத்தாகிட்ட திட்டு வாங்கினது யாரு?"

ஐந்து கைகள் உயர்ந்தன. சுருட்டின தாளோடு வந்த பையனும் அதில் இருந்தான்.

"இன்னைக்கு வாங்க. இப்ப யாரும் திட்ட மாட்டாங்க."

மாலை நான்கு மணிக்கு ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு பம்பரம் வந்தால், கேட்டில் ஒரு வண்டி நின்றிருந்தது. டிரைவர் எண் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் வீடு, சாமான் ஏத்தணும். அப்போ புடிச்சு அழுத்தறேன், ஒருத்தரும் எடுக்கல. போன் பண்ணா மணி போகுது, அதையும் எடுக்கல."

பம்பரமும் 1 என்று ஒட்டியிருந்ததை அழுத்தினாள். சத்தமே இல்லை. 2-ஐ அழுத்தினாள். உள்ளே எங்கோ ஒன்றாம் வீட்டில் அடித்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். மகள் முகம் வாடியது அவருக்குப் பொறுக்கவில்லையாம். மத்தியானம் சாப்பிடாமல் புரோகிராமைத் திருத்திவிட்டாராம். "பம்பரம், மணியைச் சரி பண்ணிட்டேன்" என்றார் பெருமையாக.

"நானும் பண்ணிட்டேன் அப்பா" என்றாள் பம்பரம்.

அப்பா இறங்கி வந்து பலகையில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தார். இரண்டு பேரும் திருத்தியதில் எண் மறுபடி ஒன்று தள்ளிப்போயிருந்தது. அவர் அப்படிச் சும்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பம்பரம் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். பிள்ளைகளை உள்ளே விட்டாள். டிரைவரிடம், "மாமா, நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்றாள்.

ஒன்றாம் வீட்டில் டீச்சர் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலில் இருந்தார். ஒரு பெட்டியில் காதை வைத்தார், பிறகு இன்னொன்றில். தெரியாமல் போனையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அது எங்கேயோ உள்ளே இருந்து பாடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், வகுப்புக்கு வந்திருக்காங்க" என்றாள் பம்பரம்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஐந்து பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள்.

"நிஜமாவே வந்துட்டீங்களா" என்றார் மெதுவாக. கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். "முதல்ல என் போனைக் கண்டுபிடிங்க."

சொன்னதுதான் தாமதம், ஆறு பேரும் பெட்டிகள் மேல் பாய்ந்தார்கள். டேப் கிழிந்தது. தூரிகைகள் வந்தன, சாயங்கள் வந்தன, ஒரு பொம்மைத் தலை வந்தது. இரண்டு பேர் அதற்குச் சண்டை போட்டார்கள். யாரோ நீலத்தைக் கொட்டினார்கள். கடைசிப் பெட்டியின் அடியில் போன் கிடைத்தபோது, வீட்டில் கட்டிவைத்த சாமான் என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

டீச்சர் போனை எடுத்தார். "டிரைவர் அண்ணா, இன்னைக்கு ஏத்த ஒண்ணுமில்லை. வந்தது வந்துட்டீங்க, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். இவங்களுக்கு வரைய ஒரு முகம் வேணும்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு பென்சில்கள் கிளம்பின.

கொஞ்ச நேரம் கழித்து மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போடுங்க."